முகவரிச் சீட்டு போதாது

மனசு வைத்தால் குடியை விட்டுவிடலாம் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்கிறோம். அதற்கு ஆதாரமும் கையிலேயே இருக்கிறது. வருடம் முழுக்கக் குடித்தவர், கார்த்திகை பிறந்து ஐயப்பனுக்கு மாலை போட்டதும் ஒரு சொட்டும் தொடாமல் இருக்கிறார். குலதெய்வக் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டவர் கடைப் பக்கமே திரும்புவதில்லை. பிறகு மாலையைக் கழற்றிய வாரமே பழையபடி தள்ளாடி வீடு வருகிறார். வீட்டார் மனம் வெறுத்து, ‘இவருக்கு மனசு இல்லை, அவ்வளவுதான்’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்த முடிவு தவறானது. விரத நாட்களில் அவருக்கு மனசோடு வேறு பலவும் துணை இருந்தன. குருசாமி இருந்தார். சாயங்காலமானால் பஜனைக்கு அழைக்க ஆட்கள் வந்தார்கள். தெருவே அவரைச் சாமி என்று கூப்பிட்டது. குடிக்க இழுக்கும் கூட்டாளிகளும் அந்த நாட்களில் ஒதுங்கி நின்றார்கள். மாலையைக் கழற்றியதும் இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே நாளில் கலைந்துவிடுகிறது. குடியை நிறுத்துவது ஒரு வேலை என்றால், நிறுத்திய நிலையிலேயே வருடக்கணக்கில் இருப்பது வேறொரு வேலை. அந்த இரண்டாவது வேலையைத் தனியாளாகச் செய்து முடித்தவர்கள் குறைவு.

முடிவு நாள் குறிக்கப்படாத அப்படியொரு துணை உலகில் பல நாடுகளில் இருக்கிறது, தமிழ்நாட்டிலும் இருக்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. என்பது அதன் பெயர். அது தொடங்கிய விதம் இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு முக்கியமானது. 1935 மே மாதம் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன் நகருக்குத் தொழில் நிமித்தம் வந்திருந்தார் பங்குச்சந்தைத் தரகரான பில் வில்சன். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் தோற்றுப்போனது. தங்கியிருந்த ஹோட்டலிலேயே மதுக்கூடம் இருந்தது. கால் அந்தப் பக்கம் போகாமல் இருக்க, குடியால் அவதிப்படும் இன்னொருவரிடம் பேசியாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தொலைபேசியில் ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தார். அப்படித்தான் அதே ஊரின் அறுவைச் சிகிச்சை மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். கால் மணி நேரம் என்று ஒப்புக்கொண்ட பேச்சு பல மணி நேரம் நீண்டது. ஜூன் 10 அன்று டாக்டர் பாப் கடைசியாகக் குடித்தார்; ஏ.ஏ. அந்த நாளைத்தான் தன் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறது. ஆக, அந்த இயக்கமே ஒரு தொலைபேசி அழைப்பிலும் ஒரு நேரடிச் சந்திப்பிலும் பிறந்தது. இந்தியாவில் அதன் கூட்டங்கள் 1957 முதல் நடந்துவருகின்றன. சென்னை, மதுரை, கோவை, திருச்சி போன்ற நகரங்களில் தமிழிலேயே பேசிக்கொள்ளும் குழுக்கள் உண்டு.

இந்தக் கூட்டங்களில் என்ன நடக்கிறது என்று வெளியே பலருக்கும் தெரியாது. பெரும்பாலும் ஒரு பள்ளி வகுப்பறை, தேவாலயத்தை ஒட்டிய கூடம், மருத்துவமனையின் ஓர் அறை, பத்திருபது நாற்காலிகள், ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம். ஒருவர் கூட்டத்தை நடத்துவார். அந்தப் பொறுப்பும் மாறி மாறி வரும். ஒவ்வொருவராகத் தன் பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார். நடுவில் யாரும் குறுக்கிட மாட்டார்கள். அறிவுரை சொல்ல மாட்டார்கள். பேச விருப்பமில்லாதவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை, சாதி, மதம், தொழில் எதையும் கேட்பதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்கள் போடும் காசுதான். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களுடைய விதி. புதிதாக வருபவர், பல வருடம் குடிக்காமல் இருக்கும் ஒருவரைத் தன் ஸ்பான்சராக வைத்துக்கொள்ளலாம். இரவு பதினொரு மணிக்குக் கை நடுங்கும்போது கூப்பிட அந்த ஒரு எண் போதும். குடிக்காமல் ஒரு வருடம் நிறைந்தால் அதைப் பிறந்தநாள் என்றே சொல்லிக் கேக் வெட்டுகிறார்கள். பக்கத்தில் மனைவியும் பிள்ளைகளும் நிற்பார்கள். அந்தக் கேக்கின் அருமை அவர்களுக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் ஆறுதல் தரும், ஆனால் பலன் தருமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கூட்டத்துக்குப் போகிறவர் ஏற்கெனவே திருந்த முடிவு செய்தவர். அவர் போகாவிட்டாலும் விட்டிருப்பார், ஆகவே பெருமை கூட்டத்துக்குச் சேராது என்பது இந்த ஐயத்தின் சாரம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2006-ல் இதை ஆராய்ந்தபோது, உறுதியாகச் சொல்லச் சான்று போதவில்லை என்றுதான் எழுதியது. அதன்பின் தரமான ஆய்வுகள் சேர்ந்தன. 2020-ல் அதே அமைப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை, மீண்டும் பரிசீலித்தது. இவற்றில் பல, யார் எந்தச் சிகிச்சைக்குப் போவது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தவை. எனவே விருப்பமுள்ளவர் மட்டுமே போனார் என்ற குறை அவற்றுக்குப் பொருந்தாது. ஏ.ஏ. கூட்டங்களுக்குச் செல்லத் தயார்ப்படுத்தும் முறையான சிகிச்சையைப் பெற்றவர்களில் ஓராண்டு முடிவில் 42 சதவீதம் பேர் முற்றிலும் குடிக்காமல் இருந்தார்கள். நடத்தை மாற்றச் சிகிச்சை போன்ற வேறு சிகிச்சைகளைப் பெற்றவர்களில் இது 35 சதவீதம். மருத்துவச் செலவும் குறைந்தது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை. நம் மண்ணில் அப்படியே பலிக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. பாதிக்கு மேற்பட்டவர்கள் மீண்டும் குடித்தார்கள் என்பதும் அந்த எண்ணிக்கையிலேயே இருக்கிறது. ஆனால் காசு செலவில்லாத, மருந்துக் கடை தேவையில்லாத ஓர் ஏற்பாடு, தேர்ந்த நிபுணர்கள் தரும் சிகிச்சைக்குச் சமமாகவோ ஒரு படி மேலாகவோ நிற்கிறது என்றால், அதை ஏழை எளியவர்கள் நிறைந்த நம் மாநிலம் அலட்சியப்படுத்தக் கூடாது.

அப்படியானால் ஏன் இவ்வளவு குறைவானவர்கள் போகிறார்கள்? மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019-ல் வெளியானது. அதன்படி நாட்டில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள், அவர்களில் 2.9 கோடிப் பேர் அதற்கு அடிமையானவர்கள். இந்த அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒரு வகைச் சிகிச்சை அல்லது உதவி பெற்றிருக்கிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். இந்த இடைவெளிக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று எளிதில் சரிசெய்யக் கூடியது. அதனால் அதைப் பற்றியே இங்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏ.ஏ. தன்னை விளம்பரப்படுத்திக்கொள்வதில்லை. பார்த்து ஈர்க்கப்பட்டு வர வேண்டும், கூவி அழைக்கக் கூடாது என்பது அவர்களுடைய மரபு. உறுப்பினர்கள் பெயரையும் முகத்தையும் ஊடகத்தில் காட்டுவதில்லை. அந்த மரபு அவர்களைப் புகழாசையிலிருந்தும் பணச் சண்டையிலிருந்தும் காத்திருக்கிறது. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் எதிர்ப்பக்கம் என்ன நடக்கிறது? ‘குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கச் செய்யலாம்’ என்ற சுவரொட்டி பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர் வரை ஒட்டப்பட்டிருக்கிறது. 2023 ஜூனில் 500 டாஸ்மாக் கடைகளை மூடிய பிறகும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்திருக்கின்றன. கடை இருக்கும் இடத்தைச் சிறு பிள்ளையும் கைகாட்டும். வாரம் ஒரு மணி நேரம் ஒரு வகுப்பறையில் கூடும் கூட்டத்தை யார் கைகாட்டுவது? தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளாத ஒன்றை அறிவிக்கும் பொறுப்பு மருத்துவமனைக்கும் அரசுக்கும்தான் வந்து சேர்கிறது.

அறிவிப்பது மட்டும் போதுமா என்றால், போதாது. 1981-ல் அமெரிக்காவில் சிஸன், மல்லம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சிறிய சோதனை செய்தார்கள். குடிநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த இருபது பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பத்துப் பேரிடம் ஏ.ஏ. கூட்டம் எங்கே, எப்போது என்ற விவரத்தைக் கொடுத்துப் போகச் சொன்னார்கள். மற்ற பத்துப் பேருக்கு, ஆலோசகர் தம் அறையிலிருந்தே ஏ.ஏ. உறுப்பினர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேச வைத்தார். அந்த உறுப்பினர், ‘நானே வந்து அழைத்துப் போகிறேன்’ என்றார். கூட்டத்துக்கு முன்பு மறுபடி கூப்பிட்டு நினைவூட்டினார். முடிவு என்ன தெரியுமா? விவரம் மட்டும் பெற்றவர்களில் ஒருவர்கூடப் போகவில்லை. அழைத்துப் போக ஆள் கிடைத்த பத்துப் பேரும் போனார்கள். இருபது பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வந்துவிட முடியாது என்பது உண்மை. ஆனால் பின்னாளில் அமெரிக்க முன்னாள் ராணுவ வீரர்களுக்கான மருத்துவமனைகளில் கிறிஸ்டின் டிம்கோவும் அவருடைய குழுவினரும் கூடுதலானவர்களை வைத்துச் செய்த ஆய்வும் அதே திசையைக் காட்டியது. கூட்டங்களோடு நேரடியாக இணைத்துவிடப்பட்டவர்கள் கூடுதலாக ஈடுபட்டார்கள். ஆறு மாதத்துக்குப் பின் அவர்களுடைய குடிப்பழக்கத்திலும் கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது.

ஏன் இப்படி என்பதை விளங்கிக்கொள்ள ஆராய்ச்சி தேவையில்லை. கூட்டத்துக்கு முதன்முறை போவது மிகக் கடினமான காரியம். அந்த வாசலை மிதிப்பதே, ‘எனக்குக் குடிநோய் இருக்கிறது’ என்று ஊருக்குச் சொல்வதுபோலப் போகிறவருக்குத் தோன்றுகிறது. உள்ளே யார் இருப்பார்கள், தெரிந்த முகம் இருக்குமா, எழுந்து பேசச் சொல்வார்களா, பணம் கேட்பார்களா, மதம் மாற்றுவார்களா என்று நூறு சந்தேகம். வழியில் கடையும் இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆன மனிதர், தூக்கம் சரியில்லாமல், மனைவி பேசாமல், வேலை போன நிலையில், இத்தனை சந்தேகங்களையும் தனியாகத் தாண்டி ஒரு சீட்டை வைத்துக்கொண்டு முகவரி தேடிப் போவார் என்று எதிர்பார்ப்பது நம் தவறு. ஒருவர் வந்து, ‘சார், நானும் இப்படித்தான் பயந்தேன். வாங்க, போகலாம்’ என்று தோளில் கை வைத்தால் எல்லாச் சந்தேகமும் தீர்ந்துவிடாது. ஆனால் வாசல் வரை போய்விடுவார். அப்படி அழைத்துப் போவது ஏ.ஏ. உறுப்பினருக்குப் பாரமும் இல்லை. அடுத்த குடிநோயாளிக்குக் கை கொடுப்பது, மீட்சிக்காக அவர்கள் பின்பற்றும் 12 படிகளில் கடைசிப் படி. தான் குடிக்காமல் இருப்பதற்கே அதுதான் வழி என்று அவர்கள் நம்புகிறார்கள். ஆக்ரன் ஹோட்டலில் நின்று பில் வில்சன் தொலைபேசியைக் கையில் எடுத்ததும் அதற்காகத்தான்.

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை சென்னையில் குடிநோயை நோயாகவே பார்த்துச் சிகிச்சை அளித்த முன்னோடி. திருவாரூர்ப் பகுதியின் மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம் நடத்தி, ஊர் மக்களையும் மீட்சியில் பங்காளிகளாக்கியது அது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. 2025-ல் ‘கலங்கரை’ என்ற பெயரில் அரசே போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. படுக்கை, மருந்து, ஆலோசகர் எல்லாம் வருவது மகிழ்ச்சி. ஆனால் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் கையில் கொடுக்கும் தாளில் மாத்திரைப் பெயரும் மறுபரிசோதனைத் தேதியும் இருக்கும் அளவுக்கு, அடுத்த கூட்டம் எங்கே, யார் அழைத்துப் போவார் என்பதும் உறுதியாக வேண்டும். நோயாளி படுக்கையில் இருக்கும்போதே உள்ளூர் ஏ.ஏ. உறுப்பினர் வந்து பார்க்க வேண்டும். வீடு திரும்பும் முன் ஒரு கூட்டத்திலாவது உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் மாதம் செவிலியரோ சமூகப் பணியாளரோ வாரம் ஒரு முறை கூப்பிட்டு, ‘கூட்டத்துக்குப் போனீங்களாண்ணே?’ என்று கேட்க வேண்டும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். ஏ.ஏ. எந்த அமைப்போடும் இணைவதில்லை. ஆனால் மருத்துவமனைகளோடு ஒத்துழைப்பதை அவர்களுடைய மரபு தடுப்பதில்லை.

கடையைத் திறந்து வைத்துவிட்டுக் குடிப்பவனைக் கூட்டத்துக்குப் போகச் சொல்வது என்ன நியாயம் என்று பலர் கேட்பார்கள். அரசின் கருவூலத்துக்கு மது விற்பனையால் ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வரும் மாநிலத்தில் இந்தக் கேள்வியில் உள்ள கோபம் முழுக்க நியாயமானது. கடைகள் குறைய வேண்டும், நேரம் குறைய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. குடிக்கத் தொடங்குவோர் எண்ணிக்கையை அது குறைக்கும். ஆனால் ஏற்கெனவே உடலாலும் மனதாலும் அடிமைப்பட்டவருக்குக் கடை மூடினால் மட்டும் நோய் தீராது. 2020 ஊரடங்கில் கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது கண்டதைக் குடித்து உயிர்விட்டவர்களைப் பார்த்தோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். மதுவிலக்கு வேண்டும் என்பவருக்கும் வேண்டாம் என்பவருக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டென்றால், அது இந்த நோயாளிகளுக்குத் துணை ஏற்படுத்துவதுதான். அந்த விவாதம் முடியும் வரை இவர்கள் காத்திருக்க முடியாது. மது விற்ற வருமானத்தில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்குவது அரசின் கடமை என்றே சொல்வேன்; ஏ.ஏ. அந்தப் பணத்தை வாங்காது, ஆனால் மருத்துவமனையின் சமூகப் பணியாளருக்குச் சம்பளம் அதிலிருந்து போகலாம்.

கடவுளைப் பற்றிய தயக்கத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 12 படிகளில் கடவுள் வருகிறார். கூட்டங்கள் பலவும் தேவாலயக் கூடங்களில் நடக்கின்றன. பெரியாரைப் படித்து வளர்ந்தவருக்கும், வேறு மதத்தவருக்கும் இது இடறும். கடவுளை அவரவர் புரிந்துகொண்டபடி எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தப் படிகளே சொல்கின்றன. அந்தக் குழுவையே தன்னைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொண்டவர்கள் உண்டு. தேவாலயம் வாடகைக்கு இடம் தருகிறது, அவ்வளவே. இத்தனைக்குப் பிறகும் ஒத்துவராதவருக்கு 1994-ல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி போன்ற, கடவுளைச் சாராத குழுக்கள் இணையத்தில் இருக்கின்றன. ஒரு வழி எல்லோருக்கும் பொருந்த வேண்டியதில்லை. பெண்களின் நிலை இதைவிடக் கடினம். குடிக்கும் பெண்ணை ஊர் மன்னிப்பதில்லை. ஆண்கள் நிறைந்த அறையில் அவர் எப்படிப் பேசுவார்? பெண்களுக்கான தனிக் கூட்டங்கள் கூடுதலாக வேண்டும். வெளியே முகம் காட்ட முடியாதவருக்கு இணையக் கூட்டங்கள் ஒரு திறப்பு. குடிப்பவர் வர மறுத்தாலும் அவர் குடும்பத்தார் போக இடம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் 1951-லேயே தொடங்கியது. கணவன் குடியை விட்டானா இல்லையா என்பதையே நாள்முழுக்க எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு, தன்னைப் போன்ற நான்கு பெண்களோடு ஒரு மணி நேரம் உட்கார்வது உயிர் காக்கும் விஷயம்.

ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை தீங்கு செய்ததாகும். தினமும் அதிகமாகக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தப்பிரமை பிடித்தவர்போலப் பிதற்றலாம், உயிரே போகலாம். மாலை போடுவதானாலும் கூட்டத்துக்குப் போவதானாலும் அப்படிப்பட்டவர் முதலில் மருத்துவரைப் பார்த்து, முதல் வாரத்தை மருத்துவக் கண்காணிப்பில் கழிக்க வேண்டும். கூட்டம் மருத்துவத்துக்கு மாற்று ஆகாது; மனநல மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எந்த உறுப்பினருக்கும் இல்லை. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்து ஆபத்தானது. அதில் மதுவோடு ஒத்துப்போகாத டைசல்பிரம் என்ற மருந்து இருந்து, குடிப்பவர் அது தெரியாமல் குடித்தால் நெஞ்சு அடைத்துவிடலாம். ஆட்களை வைத்துத் தூக்கிப் போய்ப் பூட்டி வைக்கும் மையங்களுக்கும் அனுப்பாதீர்கள். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி பதிவு பெற்ற மையமா என்று கேளுங்கள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் குடியை நிறுத்தத் தவித்தால், 14446 என்ற தேசிய உதவி எண்ணையோ, மனநல ஆலோசனைக்கான 14416-ஐயோ கூப்பிடுங்கள், இரண்டும் கட்டணமற்றவை. அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்கிறது என்று கேளுங்கள். தெரியாது என்றால், விசாரித்துச் சொல்லுங்கள் என்று விடாமல் கேளுங்கள். இடம் தெரிந்ததும் அவரிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அங்கே இருக்கும் ஒருவரிடம் அவரைப் பேச வையுங்கள். கூட்டம் நடக்கும் நாளில் வண்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலுக்குப் போங்கள்.